ஸ்னோ ப்ளோவரில் விரல் போவது எப்படி? இன்னும் சில தவறுகள்

ரொறன்ரோவில் 1999 ஜனவரிப் பனியைப் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு மாதத்திலேயே ஒரு மீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டதை மற்ற ஊர்க்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தக் காலத்தில் நம்மவர்களில் பலர் அடுக்குமாடிகளில் இருந்தார்கள். பனி அள்ளுவது கட்டடக்காரரின் தலையிடி. இப்போது ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று சொந்த வீடு, இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே, கராஜ் மூலையில் பனியை அள்ளி எறிகிற ஒரு ஸ்னோ ப்ளோவர் இயந்திரம். வாங்கும்போது விலைக்கழிவு எவ்வளவு என்று பார்க்கிற கவனத்தில் பாதிகூட, பெட்டிக்குள் வருகிற கையேட்டுக்குக் கிடைப்பதில்லை.

பின்னால் நடந்துகொண்டே ஓட்டுகிற இந்த இயந்திரத்தில் இரண்டு வகை உண்டு. சிறியதில் முன்னால் சுழலும் ரப்பர்ப் பட்டைகளே பனியை அள்ளி நேராகக் குழாய் வழியாக எறிந்துவிடும். பெரியதில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முன்னால் தெரிகிற ஆகர் என்ற இரும்புச் சுருள் பனியை வெட்டி நடுவுக்குக் கொண்டுவரும். அதற்குப் பின்னால் இருக்கிற இம்பெல்லர் என்ற விசிறி அதை வாங்கிக் குழாய் வழியாக மேலே வீசும். ஆகர் ஆறுதலாகத்தான் சுற்றும், நிமிடத்துக்கு நூறு சுற்றுச் சொச்சம். இம்பெல்லர் ஆயிரத்தைத் தொடும். குழாய்க்குள் கையை விடுகிறவருக்குக் கீழே காத்திருப்பது இந்த விசிறி. அதுவோ வெளியில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது.

அடைத்த குழாய்க்குள் கை

அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் இந்த இயந்திரத்தால் காயப்பட்டு மருத்துவமனைக்குப் போகிறார்கள். கைக் காயங்களின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். பனி ஈரமாக இருக்கும். குழாய் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் இரைந்துகொண்டிருக்க, சும்மா ஒரு தட்டுத் தட்டிவிடலாம் என்று கையை விடுவார். அதுவும் பழக்கப்பட்ட கை, அதாவது வலக்கைக்காரருக்கு வலக்கை.

எஞ்சின் ஓடும்போது கை விடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது அடுத்தது: எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி திரும்பலாம். கட்டிப்பட்ட பனியில் சிக்கி நிற்கும்போது, அதைச் சுற்றவைக்கிற பெல்ட் இழுபட்டு முறுகிப்போய் இருக்கும். அந்த முறுக்கு எஞ்சினோடு சேர்ந்து அடங்கிவிடாது. நீங்கள் அடைப்பை எடுத்த அந்தக் கணத்தில் தடை நீங்கி, விசிறி ஒரு கால் சுற்று வெடுக்கென்று திரும்பும். விசிறியின் நுனிக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்புக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளிதான். விரல் போக அந்தக் கால் சுற்றுப் போதும். தடித்த கையுறை போட்டிருக்கிறேனே என்று நினைக்க வேண்டாம். இரும்புக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கையுறை மாட்டிக்கொண்டால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

அப்படியானால் என்ன செய்வது? இரண்டு கைப்பிடி நெம்புகோல்களையும் விடுங்கள். எஞ்சினை நிறுத்துங்கள். திறப்பை எடுத்துப் பையில் போடுங்கள். எல்லாம் ஓய்ந்து அடங்கும்வரை பத்து விநாடியாவது நில்லுங்கள். அப்புறம் ஒரு தடியால் குத்தி எடுங்கள். புது இயந்திரங்களில் இதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கரண்டி மேலே செருகியிருக்கும். பல வீடுகளில் அது முதல் மாதத்திலேயே காணாமல் போய்விடுகிறது. பழைய தும்புத்தடியின் பிடி அதே வேலையைச் செய்யும். தடியையும் எஞ்சின் நின்ற பிறகுதான் உள்ளே விட வேண்டும். ஓடுகிற விசிறி தடியைப் பிடுங்கி உங்கள் முகத்துக்கே எறியும். காலால் உதைத்து விடுவிப்பது இன்னொரு கெட்ட பழக்கம். சப்பாத்து இருப்பதால் அது பாதுகாப்பு ஆகாது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது நெம்புகோல்களைப் பற்றி. ஒரு கை சக்கரத்தை ஓட்டும், மறு கை ஆகரை ஓட்டும். கையை எடுத்தால் நின்றுவிட வேண்டும் என்பதுதான் அமைப்பு. ஆனால் பல பெரிய இயந்திரங்களில் இரண்டையும் சேர்த்து அழுத்தியபின், ஆகர் கையை விட்டாலும் சக்கர நெம்புகோலை விடும்வரை ஆகர் நிற்காது. நடந்துகொண்டே குழாயின் திசையைத் திருப்ப ஒரு கை வேண்டுமே என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். வசதிதான். ஆனால் கையை எடுத்துவிட்டேன், நின்றிருக்கும் என்று நம்பிக் குழாய்ப் பக்கம் கையை நீட்டுகிறவருக்கு அது பொறி. உங்களுடைய இயந்திரம் எப்படி என்று பனி இல்லாத நாளில் வெளியே வைத்து ஓட்டிப் பாருங்கள். நெம்புகோலை டேப்பால் சுற்றியோ கம்பியால் கட்டியோ வைப்பவர்களும் இருக்கிறார்கள். விரல் குளிர்கிறது என்பது காரணமாம். அதற்கு நல்ல கையுறை வாங்கலாம்.

அடைப்பை நாமே வரவழைப்பது

கை உள்ளே போவதைத் தடுக்க நல்ல வழி, குழாய் அடைக்காமல் பார்த்துக்கொள்வது. இதில்தான் புத்திசாலித்தனமாகச் செய்வதாக நினைத்துப் பலர் சறுக்குகிறார்கள். பயத்தில் எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். வேகம் குறைந்தால் விசிறிக்குப் பனியை எறியும் பலம் இல்லை. பனி குழாயிலேயே தங்கிக் கட்டிப்படும். எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும், நீங்கள் ஆறுதலாக நடக்க வேண்டும். குறைக்க வேண்டியது சக்கரத்தின் வேகம்.

புயல் முழுக்க ஓயட்டும், ஒரேயடியாகச் செய்யலாம் என்று காத்திருப்பதும் அப்படித்தான். பதினைந்து சென்டிமீட்டருக்கு மேல் போனால், அதுவும் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நின்றால், பனி சேறுபோல் கனத்துவிடும். நடுவில் ஒருமுறை வெளியே வந்து ஒரு ஓட்டு ஓட்டிவிடுவது மேல். கனத்த பனியில் முழு அகலத்துக்கும் அள்ளாமல் பாதி அகலம் மட்டும் அள்ளுங்கள். தொடங்குமுன் குழாயின் உட்பக்கம் சமையல் எண்ணெய் ஸ்பிரே கொஞ்சம் அடித்தால் பனி ஒட்டாமல் வழுக்கும். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்பவர்களுக்கு: கராஜ் குளிரில் அது போத்தலிலேயே உறைந்துதான் இருக்கும்.

டிரைவ்வே முனையில் நகரசபையின் பனி உழவு வண்டி ஒதுக்கிவிட்டுப் போகிற பனி வரம்பு தனி விவகாரம். அது உப்பும் பனிக்கட்டியும் கலந்து இறுகியது. சிறிய ரப்பர்ப் பட்டை இயந்திரத்தால் அதில் மோத வேண்டாம். பெரியதாக இருந்தாலும் மிகக் குறைந்த கியரில், கொஞ்சம் கொஞ்சமாகக் கடிக்கவிட வேண்டும். பெரிய கட்டிகளை முதலில் சவளால் உடைத்துவிடுங்கள். வண்டி ஏறிப் பாய்ந்தால் முழங்காலால் தள்ளுகிறவர்களும், இடுப்பைக் கொடுத்துத் தள்ளுகிறவர்களும் நெஞ்சைப் பற்றி யோசிப்பதில்லை. இயந்திரம் இருந்தாலும் குளிரில் தம் பிடித்துத் தள்ளுவது இதயத்துக்குப் பாரம்தான். இதய வருத்தம் உள்ள அப்பாமார் வீட்டுக்குள் தேநீரோடு இருக்கட்டும்.

கராஜுக்குள் ஸ்டார்ட் செய்வது

கதவைத் திறந்துதானே வைத்திருக்கிறேன் என்பார்கள். கராஜ் கதவு திறந்திருந்தாலும் எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உள்ளே தேங்கும். வீட்டுக்குள் போகிற கதவின் இடுக்கால் மேலே படுக்கையறைவரை ஏறும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. இயந்திரத்தை வெளியே உருட்டிக் கொண்டுவந்து, அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். சூடாகட்டும் என்று உள்ளே ஓடவிடுவதும் கூடாது.

இதே வாயு இன்னொரு வழியாலும் வரும். இன்றைய வீடுகளில் வீட்டைச் சூடாக்கும் உலையும் சுடுநீர்த் தொட்டியும் புகை விடுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் பல பக்கச் சுவரில், நிலத்தில் இருந்து அதிக உயரமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்துச் சுவரை நோக்கிப் பனியை வீசும்போது அவை மூடப்படலாம். மூடினால் உலை நின்றுபோகும், அல்லது வாயு வீட்டுக்குள் திரும்பும். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக் நகரில் ஹோக்கின்ஸ் குடும்பத்தின் நான்கு பேரும் இந்த வாயுவால் இறந்தார்கள். அங்கே அடைபட்டது கணப்படுப்பின் புகைவழி. காரணம் ஸ்னோ ப்ளோவர் இல்லை. ஆனால் வெளிவழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். அவர்கள் பெயரிலேயே 2013ல் சட்டம் வந்தது. எரிபொருள் கருவியோ ஒட்டிய கராஜோ உள்ள ஒன்ராறியோ வீடுகளில் படுக்கையறைப் பக்கம் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். பனி வீசி முடித்ததும் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் குழாயையும் பாருங்கள்.

பெற்றோல் ஊற்றுவதும் வெளியில்தான், அதுவும் எஞ்சின் ஆறிய பிறகு. பாதியில் தீர்ந்தால் உடனே ஊற்றத்தான் கை துடிக்கும். சூடான சைலன்சரில் நாலு சொட்டுச் சிந்தினால் போதும், தீப்பிடிக்க. தொடங்குமுன் தொட்டியை நிரப்பிவிட்டால் இந்தச் சோதனையே வராது.

பனிக்குக் கீழே என்ன இருக்கிறது

பனி எல்லாவற்றையும் மூடிவிடும்: கால்மிதி, நாய்ச் சங்கிலி, நத்தார் விளக்கின் வயர், தோட்டத்துத் தண்ணீர்க் குழாய், பிள்ளைகள் விட்டுப்போன ஹொக்கிப் பந்து. முன்னறிவிப்பு வந்த அன்று மாலையே இவற்றைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். டிரைவ்வே ஓரங்களில் நிலம் உறையுமுன் அடையாளக் குச்சி நட்டு வைப்பது நல்லது. சரளைக்கல் டிரைவ்வே என்றால், இரு பக்கமும் உள்ள சறுக்குக் கட்டைகளை இறக்கிப் பூட்டி, முன்வாய் நிலத்துக்கு ஒரு அங்குலம்போல மேலே நிற்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் அது பனியோடு கல்லையும் சுடும். ரப்பர்ப் பட்டை இயந்திரம் சரளைக்கு ஆகவே ஆகாது.

குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை ஒவ்வொரு திருப்பத்திலும் கவனியுங்கள். ஆள், கண்ணாடி, கார், இவை எதுவும் அந்தப் பக்கம் இருக்கக்கூடாது. காற்று போகும் பக்கமாகவே வீசினால் முகத்தில் திரும்பி விழாது. தெருவுக்குள் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஒன்ராறியோ நெடுஞ்சாலைச் சட்டப்படி அனுமதியில்லாமல் வீதியில் பனி கொட்டுவது குற்றம். நகரசபை விதிகளும் அதையேதான் சொல்கின்றன.

பிள்ளைகள் உள்ளே இருக்க வேண்டும். வேடிக்கை பார்க்க ஆசையென்றால் ஜன்னல் இருக்கிறது. நீங்கள் கழுத்தில் சுற்றும் சால்வையும், ஜாக்கெட்டில் தொங்கும் நாடாவும் உள்ளே செருகப்பட வேண்டும். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, பிடிப்புள்ள சப்பாத்து. சரிவான டிரைவ்வேயில் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். பின்னுக்கு எடுக்கும்போது ஒருதரம் திரும்பிப் பாருங்கள். வழுக்கி விழுந்தால் வண்டி உங்கள் மேல் ஏறப் பார்க்கும்.

மின்சாரம், ஆணி, மிச்ச விஷயங்கள்

பற்றறி இயந்திரங்கள் இப்போது நிறைய வருகின்றன. புகையில்லை, இரைச்சல் குறைவு. அந்த அமைதிதான் ஏமாற்றும்: சத்தம் இல்லாததால் நின்றுவிட்டது என்று தோன்றும். அடைப்பை எடுக்குமுன் பற்றறியைக் கழற்றிவிடுங்கள். வயரில் ஓடுகிறவற்றுக்கு வெளிப்பாவனைக்கான வயர் வேண்டும், சுவரில் கசிவைத் துண்டிக்கிற பாதுகாப்புப் பிளக் வேண்டும், வயர் எப்போதும் உங்களுக்குப் பின்னால் கிடக்க வேண்டும். பெற்றோல் எஞ்சினை மின்சாரத்தால் ஸ்டார்ட் செய்கிறவர்கள் முதலில் இயந்திரத்தில் செருகி, பிறகு சுவரில் செருகுங்கள்; கழற்றும்போது சுவரில் முதலில்.

ஆகர் தண்டில் ஷியர் பின் என்ற ஆணி இருக்கும். பெரிய கட்டியோ கல்லோ சிக்கினால் அது உடையும், உடைவதற்காகவே வைத்திருக்கிறார்கள். அடிக்கடி உடைகிறதே என்று கடையில் கிடைத்த பலமான போல்ட் ஒன்றைப் போட்டு இறுக்கினால், அடுத்த தடவை உடைவது கியர்ப்பெட்டி. அந்த மாடலுக்குரிய ஆணியையே நவம்பரில் நாலைந்து வாங்கி வைத்துவிடுங்கள். புயல் அடிக்கிற வாரத்தில் கடைத் தட்டு காலியாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் ஆகரை ஓரிரு நிமிடம் வெறுமனே சுற்றவிட்டு ஈரத்தை உதறிவிட்டு நிறுத்துங்கள், இரவில் உறைந்து இறுகாது. அப்படியும் உறைந்துவிட்டால் நெம்புகோலை அழுத்தி முறுக்காதீர்கள், பெல்ட் கருகிவிடும். சூடான இடத்தில் வைத்து உருகவிடுங்கள்.