முதலில் சுவரில் பேப்பரை ஒட்டுங்கள், புரொஜெக்டரை அப்புறம் பார்க்கலாம்

ஆசியாவிலேயே பெரிசென்று தங்கம் தியேட்டரை வைத்துப் பெருமை பேசிய மதுரைக்காரர்கள் நாம், அதனால் வீட்டில் திரை வைப்பதென்றாலும் "இருக்கிறதிலேயே பெரிசு எது?" என்றுதான் முதலில் கேட்போம். நானும் அப்படித்தான் கேட்டேன். வில்லாபுரத்தில் எங்கள் மாடி அறை 10க்கு 12 அடி. அதற்கு 120 அங்குலத் திரையை வாங்கி மாட்டி, இரண்டு வாரம் இடமும் வலமுமாகத் தலையைத் திருப்பிப் படம் பார்த்துவிட்டு, கடைசியில் அதைக் கழற்றி மச்சான் வீட்டு ஹாலுக்குக் கொடுத்தேன். நீங்கள் அந்தச் செலவைச் செய்ய வேண்டாம்.

எங்கே உட்காரப் போகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரை வரப்போகும் சுவர் வரைக்கும் டேப் பிடித்து அங்குலத்தில் அளந்துகொள்ளுங்கள். அதை 1.2ஆல் வகுத்தால் அந்த இடத்துக்குத் தாங்கக்கூடிய பெரிய திரை, 1.6ஆல் வகுத்தால் தியேட்டரின் பின்வரிசையில் இருப்பது போன்ற அளவான திரை, இரண்டுமே மூலைவிட்ட அளவுதான். எனக்கு வந்தது 10 அடி, அதாவது 120 அங்குலம். ஆக 75லிருந்து 100க்குள் முடித்திருக்க வேண்டியது.

கணக்கில் நம்பிக்கை இல்லையென்றால் பழைய செய்தித்தாள்களை எடுங்கள். 100 அங்குலம் என்பது 7 அடி 3 அங்குல அகலம், 4 அடி 1 அங்குல உயரம். 120 என்றால் 8 அடி 9 அங்குலம், 4 அடி 11 அங்குலம். இந்த அளவுக்குச் சுவரில் பேப்பரை வரிசையாக டேப் போட்டு ஒட்டி, கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டு, இரண்டரை அடியில் இருக்குமாறு வைத்து, ஒரு சாயங்காலம் பூராவும் எதிரே உட்கார்ந்து பாருங்கள். ஸ்பீக்கருக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறதா, கதவு திறந்தால் இடிக்கிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இன்னொன்று. நம் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப், அதாவது அதிக அகலமான வடிவம்; கிரிக்கெட்டும் சீரியலும் 16:9, அதாவது 16 பங்கு அகலத்துக்கு 9 பங்கு உயரம். வீட்டுத் திரை 16:9ஆக இருந்தால் 100 அங்குலத்தில் ஸ்கோப் படம் ஓடும்போது மேலும் கீழும் ஆறாறு அங்குலம் கறுப்பாக நிற்கும். அது பழுதில்லை, திரைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

அளவு முடிவானால் புரொஜெக்டரை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்று பார்க்கலாம். விவரத்தாளில் த்ரோ ரேஷியோ என்று ஒரு எண் இருக்கும். லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரத்தைத் திரையின் அகலத்தால் வகுத்து வருவது அது. 1.5 என்று போட்டிருந்தால் 87 அங்குல அகலத் திரைக்கு 131 அங்குலம், கிட்டத்தட்ட 11 அடி வேண்டும். 12 அடி அறையில் பெட்டியின் நீளம், பின்னால் ஒயர், காற்றுப் போக இடம் எல்லாம் சேர்த்தால் இழுத்துப் பிடித்துத்தான் வரும். 1.2 உள்ளதென்றால் 8 அடி 9 அங்குலம் போதும். திரைக்கு நேரே வைக்க முடியாவிட்டால், கோணலாக விழும் படத்தை நிமிர்த்தும் கீஸ்டோன் வசதியில் சரிசெய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், கோணலை நிமிர்த்தும்போது படத்தின் துல்லியமும் கொஞ்சம் போய்விடும்.

அப்புறம் சீலிங் ஃபேன்! இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நடு அறையில் தொங்கும் ஃபேன் றெக்கை ஒளிக்குக் குறுக்கே வந்தால் படம் படபடவென்று அடிக்கும். குறுக்கே வராவிட்டாலும், அதே கூரையில் பக்கத்திலேயே புரொஜெக்டரைத் தொங்கவிட்டால் ஃபேனின் அதிர்வில் எழுத்தெல்லாம் நடுங்கும். ஃபேனில்லாமல் சித்திரை மாதத்தில் படம் பார்ப்பது நடக்கிற காரியமா? பின்சுவரில் ஒரு தட்டு அடித்து அதில் வைப்பதே மேல்.

வெளிச்சத்துக்கு வருவோம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லூமென்ஸ். தியேட்டர் அளவு வெளிச்சம் என்று சொல்வது ஒரு சதுர அடிக்கு 16 லூமென்ஸ். 100 அங்குலத் திரை சுமார் 30 சதுர அடி, ஆக இருட்டில் 480 லூமென்ஸ் திரையில் விழுந்தாலே போதும். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் எண் பச்சை அடிக்கும் அதிவெளிச்ச மோடில் எடுத்தது, சினிமா மோடில் நன்றாகக் குறையும், லேம்ப் பழசானால் இன்னும் குறையும். அதனால் இருட்டறைக்கு 1500லிருந்து 2000 ஆன்சி (ANSI என்ற தர முறையில் அளந்த) லூமென்ஸ், லைட்டைப் போட்டுக்கொண்டு மேட்ச் பார்ப்பவர்களுக்கு 3000. "ஆன்சி" என்ற சொல் இல்லாமல் வெறும் 9000 லூமென்ஸ் என்றிருப்பதைத் தொடாதீர்கள். அதேபோல "4கே சப்போர்ட்" (4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும்) வேறு, நேட்டிவ் ரெசல்யூஷன் (புரொஜெக்டரே உண்மையில் காட்டும் புள்ளிகளின் எண்ணிக்கை) வேறு, பின்னதைத்தான் கேட்க வேண்டும்.

திரைத்துணிக்கு உடனே பெரிய தொகை போடாதீர்கள். நம் ஊர் ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பேர் போனது. எதுவும் அச்சடிக்காத, பின்பக்கம் கறுப்பான மேட் ஃப்ளெக்ஸை வாங்கி ரீப்பர் கட்டைச் சட்டத்தில் இழுத்து அடித்தால் ஓரிரு வருடம் ஓட்டலாம். வாங்கும்போது செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், நடுவில் பளபளவென்று ஒரு வட்டம் தெரிந்தால் வேண்டாம். விளக்குத்தூண் பக்கம் கறுப்புத் துணி எடுத்து ஜன்னலுக்கும் திரையைச் சுற்றியும் கட்டுங்கள். வெள்ளைச் சுவரும் வெள்ளை டைல்ஸும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துக் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும், அதற்கு விலை உயர்ந்த புரொஜெக்டரும் மருந்தில்லை.

புரொஜெக்டர் லேம்ப் வகையானால் ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். சூடாக ஓடும்போது கரண்ட் போனால் உள்ளே ஃபேன் நின்று லேம்பின் ஆயுள் குறையும். ஃபில்டரை மாதம் ஒருமுறை தட்டித் துடையுங்கள், நம் ஊர்ப் புழுதிக்கு அது அதிகமில்லை.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் பூச்சு வேலைக்கு முன்பே திரைச் சுவரிலிருந்து பின்சுவர் வரை ஒயர் போக ஒன்றரை அங்குல பைப் போடச் சொல்லுங்கள். வயர்மேன் முக்கால் அங்குலம் போதும் என்பார். படத்தைப் புரொஜெக்டருக்குக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ ஒயரின் தலை அதில் நுழையாது, வளைவில் நிச்சயம் சிக்கும். உள்ளே ஒரு கட்டுக்கம்பியை இழுத்துவிட்டு இரண்டு முனையையும் மடக்கி வைக்கச் சொல்லுங்கள், பின்னால் ஒயர் மாற்ற அது வேண்டும்.