கேட்டதை எழுதிப் பாருங்கள்

ஆங்கிலத்தைப் படித்தால் புரிகிறது, காதில் கேட்டால் நழுவிவிடுகிறது என்பவர்களுக்கு இது. பிபிசியின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ நிகழ்ச்சிக்கு எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். அதில் 30 விநாடி போதும். முதலில் சும்மா கேளுங்கள். அப்புறம் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள். பிடிபடாத இடத்தை ஊகித்து நிரப்பாமல் கோடு போட்டு விடுங்கள். மூன்று நான்கு முறை கேட்டும் தெரியவில்லையா, சரி, எழுத்து வடிவத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் கடினமான சொற்களாக இருக்காது. ‘டு’, ‘ஹேவ்’, ‘அண்ட்’ போன்ற பொடிச் சொற்கள்தான். வேகப் பேச்சில் ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ என்று ஒட்டிக்கொள்ளும். அந்த இடங்களை மட்டும் சிவப்பு மையில் குறித்து மறுபடி கேளுங்கள். யூடியூபில் தானாக வரும் சப்டைட்டிலோடு ஒப்பிட வேண்டாம். சில நேரம் அதுவே தப்பாகக் கேட்டிருக்கும்!