வார்டு டூட்டி லிஸ்டை 14 நாள் முன்பே ஒட்டுவது எப்படி?

சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வந்தால், திங்கள் காலை டூட்டிக்கு வரவேண்டிய நர்ஸ் குழந்தையை யாரிடம் விடுவார்? ஒரு வாரம்கூடப் போதாது, 14 நாள் வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் சில்லறைக் கடை, ஓட்டல், உணவக நிறுவனங்களுக்கு 2020 ஜூலையிலிருந்து இதுவே சட்டம். நம் ஊர் மருத்துவமனையிலும் செய்யலாம்.

முதலில் ஆள் கணக்கு. ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், ஷிப்டுக்கு 2 பேர் என்றால் நாளுக்கு 6 டூட்டி, வாரத்துக்கு 42. வார ஓய்வு போக ஒருவர் பார்ப்பது 6. ஆக 7 பேர் போதும் என்று தோன்றும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே அந்த லிஸ்ட் கலைந்துவிடும். எட்டாவது ஆள் கட்டாயம். லிஸ்ட் கடைசி நேரத்தில் வருவதற்குப் பெரும்பாலும் லிஸ்ட் போடும் வார்டு இன்சார்ஜ் காரணமல்ல, அந்த எட்டாவது ஆளை நிர்வாகம் தராததுதான் காரணம்.

லீவு கேட்டு எழுதும் நோட்டை 21 நாள் முன்பே மூடுங்கள். முகூர்த்த நாள், பொங்கல், தீபாவளி எல்லாம் காலண்டரிலேயே இருக்கின்றன. அவற்றை முதலில் குறித்துவிடுங்கள். அடுத்து நைட் டூட்டியை நிரப்புங்கள். தொடர்ந்து மூன்று, மிஞ்சினால் நான்கு நைட். காலையில் நைட் முடித்து இறங்கும் நாளை வார ஓய்வாக எழுதாதீர்கள். அன்று அவர் தூங்கத்தான் முடியும். காலை, மதியம், நைட் என்ற வரிசையிலேயே ஷிப்டை மாற்றுங்கள். மதியம் டூட்டி முடித்து இரவு 9 மணிக்குப் போனவரை மறுநாள் காலை 7 மணிக்கு வரச்சொன்னால், பஸ் நேரம் போகத் தூக்கம் ஆறு மணி நேரம்கூட மிஞ்சாது. ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் நைட், ஞாயிறு எண்ணிக்கையை எழுதிவைத்தால் பாரபட்சப் பேச்சு குறையும்.

தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஒரே தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். திருத்தம் அந்தத் தாளில் மட்டும், சிவப்புப் பேனாவில். குரூப்பில் புதுப்புதுப் படமாகப் போட்டால் ஒரு ஷிப்டுக்கு நாலு பேர் வருவார்கள், இன்னொன்றுக்கு யாரும் வரமாட்டார்கள். டூட்டி மாற்றிக்கொள்பவர்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். அதனால் யாருக்கும் தொடர்ந்து 16 மணி நேரம் விழக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் ஒருவரைக் கூப்பிட நேர்ந்தால் கேளுங்கள், உத்தரவு போடாதீர்கள். வந்தவருக்கு ஓ.டி. இரட்டிப்பாகக் கொடுங்கள்.

எட்டு மணி நேர ஷிப்டையே பன்னிரண்டாக்குவது வேறு விஷயம். தொழிலாளர்களின் வேலை நேரத்தை மாற்ற 1947 தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு 21 நாள் நோட்டீஸ் கேட்டது. 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். அதை டூட்டி லிஸ்டில் நுழைத்துவிட முடியாது.