பிரேக் பிடித்தால் மட்டும் இடப்பக்கம் இழுத்த கார்

கும்பகோணம்–தஞ்சாவூர் சாலையில் நேராகப் போகும் கார், பிரேக்கை மிதித்தால் மட்டும் இடப்பக்கம் இழுத்தது. மிஷினில் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தேன், திரையில் எல்லாம் பச்சை, அதாவது சரி. முன் டயர்களை இடம் வலமாக மாற்றினேன். டயர் கோளாறென்றால் இழுப்பும் பக்கம் மாறியிருக்கும்; மாறவில்லை. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்களிலும் சிக்கல் இல்லை.

பாபநாசத்து மெக்கானிக் அண்ணன்தான் சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ்ஷில் (ஆர்ம் பொருந்தும் இடத்து ரப்பர் உறை) கம்பியை விட்டு நெம்பினார். ரப்பர் வாய் பிளந்தது. பிரேக் போடும்போதுதான் ஆர்ம் பின்னால் நகர்ந்து சக்கரக் கோணம் மாறுகிறது. நிற்கும் வண்டியை அளக்கும் மிஷினுக்கு எங்கே தெரியும்!

புது புஷ் போட்டவர், வண்டி ஜாக்கில் தொங்கும்போது போல்ட்டை முழுசாக முறுக்கவில்லை. சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். அப்புறம் அலைன்மென்ட். இழுப்பு போச்சு, அப்பாடா.