செக் இன்ஜின் விளக்கு: அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அது. அம்மாப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் கும்பகோணத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். வாசலில் கார், கையில் தீப்பெட்டி அளவு புளூடூத் ஸ்கேனர். "செக் இன்ஜின் விளக்கு மூன்று வாரமாக வந்து வந்து போகிறது அண்ணா. ஐந்து முறை அழித்துவிட்டேன்" என்றார். ஸ்கேனரில் என்ன பழுதுக் குறியீடு வந்தது என்று கேட்டேன். மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, என்று ஏதோ வந்ததாம். எந்த சிலிண்டர் என்பது அவருக்கு நினைவில்லை.

அந்தப் பதில் எனக்கு எரிச்சல் மூட்டியது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதே பதிலை ஒரு மெக்கானிக்கிடம் சொல்லியிருக்கிறேன். பெட்ரோல் மூடியை இறுக்க மறப்பது, சாவியைத் திருப்பாமலே ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்பது போன்றவற்றை ஒரு முறை தவறினால் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். பணத்தைக் கரைக்கும் தவறுகள் வேறு இருக்கின்றன.

முதல் வேலையாக அழிப்பது

2013 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் தயாரான கார்களில், பழுதைத் தானே கண்டு குறியீடாகப் பதிந்துவைக்கும் ஓ.பி.டி.-2 முறை இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரைச் செருகி, போனில் செயலியைத் திறந்தால் படிக்க ஒரு பட்டன், அழிக்க ஒரு பட்டன். அழித்தவுடன் விளக்கு அணைகிறது. புதிதாக ஸ்கேனர் வாங்கியவருக்கு அந்த நொடியில் வண்டியே சரியாகிவிட்டது போலத் தோன்றும்.

அந்த ஒரு தட்டலில் எவ்வளவு போகிறது என்று பாருங்கள். குறியீடு போகிறது. அதோடு ஃப்ரீஸ் ஃபிரேம் போகிறது. பழுதைக் கண்ட நொடியில் வண்டி என்ன வேகத்தில் இருந்தது, இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றியது, கூலன்ட் எவ்வளவு சூடு, இன்ஜின்மீது எவ்வளவு சுமை என்று வண்டியின் கணினி எடுத்து வைத்த குறிப்பு அது. இன்னும் முழுக் குறியீடாக உறுதிப்படாமல் காத்திருக்கும் பழுதுகளும் போகின்றன. பல வண்டிகளில், இத்தனை நாள் ஓட்டத்தில் இன்ஜின் கற்றுக்கொண்ட ஃப்யூல் டிரிம் கணக்கும் (பெட்ரோலை எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்ற கணக்கு) சுழியத்துக்குத் திரும்பிவிடுகிறது. திருட்டுப் போன வீட்டில் போலீஸ் வருவதற்குள் வாசலைக் கழுவிக் கோலம் போடுவோமா?

2015 தை மாதம் நான் அதைத்தான் செய்தேன். அப்போது நவக்கிரகத் தலங்களுக்குப் பயணிகளை அழைத்துச் செல்லும் வாடகைக் கார் வைத்திருந்தேன். காலையில் திங்களூரில் தொடங்கி இரவு திருநள்ளாறில் முடியும் ஓட்டம். ஒவ்வொரு கோயில் வாசலிலும் ஏ.சி.யோடு வண்டி ஐடிலிங்கில் நிற்கும். அப்போது மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கும். பயணிகள் பார்த்தால் பயப்படுவார்களே என்று, அவர்கள் தரிசனம் முடித்து வருவதற்குள் அழித்துவிடுவேன். வந்த குறியீடு பி0171. கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்று அதற்குப் பொருள். பட்டறையில் "எப்போது எரிகிறது?" என்று கேட்டார்கள். "எப்போதாவது" என்றேன். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவர்களால் ஊகிக்கத்தான் முடிந்தது. நான்கு ஸ்பார்க் பிளக் மாறியது. த்ராட்டில் பாடி சுத்தமானது. ஆக்சிஜன் சென்சார் புதிதாக வந்தது. மொத்தம் 14,000 ரூபாய். அதற்கு மேல் மூன்று நாள் ஓட்டமும் போயிற்று. விளக்கு மட்டும் போகவில்லை.

ஒரு நாள் கீழப்பெரும்பள்ளத்தில் விளக்கு எரிந்தபோது போனில் சார்ஜ் இல்லை. அழிக்க வழியில்லாமல் அப்படியே வீட்டுக்கு ஓட்டிவந்தேன். இரவில்தான் முதன்முறையாக ஃப்ரீஸ் ஃபிரேமைத் திறந்து பார்த்தேன். வேகம் 0. சுற்று 760. கூலன்ட் 91 டிகிரி. லாங் டேர்ம் டிரிம் கூட்டல் 23 விழுக்காடு. அதாவது, இன்ஜின் நன்றாகச் சூடேறி, வண்டி சும்மா நிற்கும்போது, கணினி வழக்கத்தைவிட 23 விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றியும் கலவை தேறவில்லை.

இன்ஜினை 2,500 சுற்றில் பிடித்துப் பார்த்தேன். சில நிமிடங்களில் மொத்த டிரிம் 4, 5 விழுக்காடு என்று இறங்கியது. அதுதான் விடை. வாய்க்காலில் தண்ணீர் இழையாக வரும் நாளில் வரப்பில் உள்ள ஒரு நண்டு வளை பாதியைக் கொண்டுபோய்விடும். கரை நிறைய வரும் நாளில் அதே வளை கணக்கிலேயே வராது. ஐடிலிங்கில் இன்ஜின் உறிஞ்சும் காற்றே குறைவு; எங்கோ ஓர் ஓட்டை வழியாக அளக்கப்படாத காற்று புகுந்தால் விழுக்காட்டில் பெரிதாகத் தெரியும். சுற்று ஏறியதும் கரைந்துபோகும். பெட்ரோல் பம்ப்போ ஃபில்ட்டரோ பழுதாக இருந்தால் இதற்கு நேர்மாறாக, சுமை ஏற ஏற டிரிம்மும் ஏறியிருக்கும். மறுநாள் காலை வெளிச்சத்தில் தேடியபோது, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில் எலி கடித்த ஒரு சிறு ஓட்டை இருந்தது. புது ஹோஸ் 240 ரூபாய்.

ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். காற்றளவு சென்சார் உள்ள வண்டிகளில்தான் இந்த டிரிம் கணக்கு இவ்வளவு தெளிவாகப் பேசும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை மட்டும் அளக்கும் மேப் சென்சார் வண்டிகளில் அதே ஓட்டை பெரும்பாலும் ஐடிலிங் வேகத்தை ஏற்றிவிட்டு, டிரிம்மைப் பெரிதாக அசைக்காமலே இருந்துவிடும். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கணக்குப் போடுங்கள்.

ஓட்டையைத் தேட ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு பானட்டுக்குள் குனிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் நெருப்பை நீட்டாதீர்கள். சூடான இன்ஜின்மீது கார்புரேட்டர் கிளீனரை அடிப்பதும் அதே ஆபத்துதான். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெல்ட்டும் விசிறியும் இல்லாத பக்கமாக ஹோஸ்களின் அருகே நகர்த்தினால் சீறல் ஒலி கேட்கும். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

ஆகவே விளக்கு எரிந்தால் குறியீட்டையும் ஃப்ரீஸ் ஃபிரேமின் ஒவ்வொரு எண்ணையும் நோட்டில் எழுதுங்கள், அல்லது திரையைப் படமெடுத்து வையுங்கள். அன்று மழையா, பெட்ரோல் எங்கே போட்டீர்கள், முதல் நாள் வண்டி எங்கே நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். விளக்கு தானாக அணைந்துவிட்டாலும் பதற வேண்டாம்; மூன்று ஓட்டங்களில் பழுது தெரியாவிட்டால் விளக்கு அணையும், ஆனால் குறியீடு பொதுவாக 40 வார்ம்-அப் (குளிர்ந்த இன்ஜின் சூடேறுவது ஒரு வார்ம்-அப்) வரை உள்ளேயே இருக்கும். பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி மாட்டுவதும் அழிப்பதுதான். "ஒரு நிமிடம் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்" என்று யாராவது ஸ்பேனரோடு வந்தால், முதலில் படித்து எழுதிக்கொள்ளும் வரை நிறுத்தி வையுங்கள்.

அழித்துவிட்டுத் தெருக்கோடி வரை ஓட்டி "விளக்கு வரவில்லை, சரியாகிவிட்டது" என்பதும் இதன் மறுபக்கம்தான். பெரும்பாலான பழுதுகள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் தெரிந்த பிறகே விளக்கை எரியவைக்கும். செயலியில் ரெடினெஸ் மானிட்டர் என்ற பகுதியில் எல்லாச் சோதனைகளும் முடிந்ததாகக் காட்டும் வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

குறியீட்டை உதிரிபாகப் பட்டியலாகப் படிப்பது

பி0420 வந்தால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று உடனே விலை விசாரிக்கிறார்கள். அதன் செயல்திறன் குறைவாகத் தெரிகிறது என்றுதான் அந்தக் குறியீடு சொல்கிறது. சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தாலும், பின்புற ஆக்சிஜன் சென்சார் தளர்ந்திருந்தாலும், நாள்பட்ட மிஸ்ஃபயர் இருந்தாலும் அதே எண் வரும். விலை மலிவான காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிய பிறகே விலை உயர்ந்ததிடம் போங்கள்.

மினுக்கும் விளக்கோடு ஓட்டுவது

ஓரம் கட்டுங்கள். மிஸ்ஃபயரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

சிவப்பு எண்ணெய் விளக்கையும் இதோடு சேர்ப்பது

அது வேறு விளக்கு. இன்ஜினை உடனே அணையுங்கள்.

வயலையும் சாலையையும் மறந்துவிட்டு வண்டியை மட்டும் பார்ப்பது

வண்டிகளைப் பற்றிய பெரும்பாலான விளக்கங்கள் நம் ஊரை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. சம்பா அறுவடை முடிந்ததும் வயலில் தீனி குறைந்த எலிகள் வீடுகளுக்கும் கார்களுக்கும் வருகின்றன. அடைமழையில் வளைகள் மூழ்கினாலும் வருகின்றன. தை, மாசியில் எந்த மின் இணைப்புக் குறியீடு வந்தாலும் முதலில் பானட்டைத் திறந்து டார்ச் அடித்து, கடித்த வயரையும் புழுக்கையையும் தேடுவேன். வண்டி நிற்கும் கொட்டகையில் தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் எலிப்பொறி வைத்த பிறகு எனக்கு இந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது.

உளுந்துச் செடியும் வைக்கோலும் சாலையில் பரப்பிக் கிடக்கும் காலத்தில் அவற்றின்மீது ஓட்டிவந்தால், நார் அடியில் சுற்றிக்கொண்டு பின்புற ஆக்சிஜன் சென்சாரின் வயரை இழுத்துவிடும். பி0141 வந்தால் சென்சார் வாங்கும் முன் குனிந்து பாருங்கள். சூடான சைலன்சரோடு வைக்கோல்மீது வண்டியை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், அது தீப்பிடிக்கும்.

வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உள்ளவர்கள் சந்தேகப்படும் சென்சாரின் இணைப்பைக் கழற்றிப் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள்.

ஆயுத பூஜைக்கு இன்ஜினைப் பீய்ச்சிக் கழுவுவது

சந்தனமும் குங்குமமும் வைக்கும் முன் வண்டி பளபளக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. வெளிப்புறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கழுவுங்கள். பானட்டுக்குள் அழுத்தத்தோடு அடிக்கும் தண்ணீர் ஸ்பார்க் பிளக் குழிக்குள் தங்கி, மறுநாள் காலை மிஸ்ஃபயராக வந்து நிற்கும். உள்ளே ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பி.எஸ்.6 டீசலை ஊருக்குள்ளேயே உருட்டுவது

புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டி, வண்டி சீரான வேகத்தில் நீண்ட நேரம் ஓடினால்தான் கரியை எரித்துத் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் அதற்கான விளக்கு எரிந்தால், கையேடு சொல்லும் வேகத்தில் தஞ்சாவூர்–திருச்சி நெடுஞ்சாலையில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். விளக்கை அழித்துவிட்டு மறுபடியும் கடைத்தெருவுக்குப் போனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஸ்கேனரைச் செருகியே விடுவது

கழற்றுங்கள். அது பாட்டரியைக் குடிக்கும்.

அம்மாப்பேட்டை இளைஞரை, விளக்கு நிலையாக எரிந்தால் அழிக்காமல் எனக்குப் போன் செய்யுமாறு சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் காலை ஏழு மணிக்கு அழைத்தார். நோட்டைப் பார்த்து வாசித்தார்: பி0302, வேகம் 0, சுற்று 1,150, கூலன்ட் 27 டிகிரி, இரவு முழுக்க மழை. குளிர்ந்த இன்ஜின், ஈரக் காலை, இரண்டாம் சிலிண்டர். பூஜைக்கு இன்ஜினைக் கழுவினாரா என்று கேட்டேன். கழுவியிருந்தார்.

குழியில் இருந்த நீரைத் துடைத்து உலர்த்தச் சொன்னேன். இன்ஜின் அணைந்திருக்கும்போதே இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் இக்னிஷன் காயில்களை (பிளக்குக்கு மின்சாரம் தருபவை) இடம் மாற்றி மாட்டச் சொன்னேன். எல்லாம் நோட்டில் இருக்கிறது, இப்போது அழிக்கலாம் என்றேன். இரண்டு மழைக் காலைகள் கழித்து பி0303 வந்தது. பழுது காயிலோடு சேர்ந்தே இடம் மாறியிருந்தது. கழற்றிப் பார்த்தபோது அதன் ரப்பர் உறையில் மயிரிழை விரிசல் இருந்தது. காயில் ஒன்று மட்டும் வாங்கி மாட்டினார்.