தரையில் கிடக்கும் குஞ்சு அநாதையல்ல

மாங்காய் பறிக்கும் காலத்தில் காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்புகளில், மரத்தடியில் தத்தித் திரியும் பறவைக் குஞ்சைக் கண்டதும் இரக்கப்பட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்பவர்கள் பலர். நல்ல மனத்தோடு செய்யும் இச்செயலே பெரும்பாலும் குஞ்சின் உயிருக்குக் கேடாகிறது.

சின்னான், தவிட்டுக்குருவி போன்றவற்றின் குஞ்சுகள், இறகு முளைத்தும் நன்றாகப் பறக்கப் பழகுமுன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். பெற்றோர் தரையிலேயே அவற்றுக்கு இரை ஊட்டும். சென்ற சித்திரையில் அப்படியொரு சின்னான் குஞ்சை, வாலும் வளராமல் வாயோரத்து மஞ்சளும் மாறாமல் இருந்ததை, இருபதடி தள்ளி நின்று அரை மணி நேரம் பார்த்தேன். எந்தப் பறவையும் வரவில்லை. நான் வேலியோரம் போய் உட்கார்ந்த பிறகே பெரிய பறவையொன்று பச்சைப் புழுவைக் கவ்வி வந்து அதன் தொண்டைக்குள் திணித்துவிட்டுப் பறந்தது. ஆணும் பெண்ணும் ஒன்றுபோல் இருப்பதால் வந்தது தாயா தந்தையா என்று சொல்ல இயலாது. அதுவரை தடையாக இருந்தது நான் நின்றதுதான் என்பது மட்டும் புரிந்தது.

பூனையோ நாயோ திரிந்தால் குஞ்சைத் தாழ்ந்த கிளையில் வைத்துவிட்டு விலகினால் போதும். இறகு முளைக்காத குஞ்சாயின் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். கை பட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. கூடே விழுந்திருந்தால், சிறு கூடையில் காய்ந்த புல்லிட்டு அதே மரத்தில் நிழலாகக் கட்டலாம்.

பாலும் சோறும் கொடுப்பது அடுத்த தவறு. பாலைச் செரிக்கும் ஆற்றல் பறவைகளுக்கு இல்லை. தானியம் தின்னும் சிட்டுக்குருவியும் தூக்கணாங்குருவியும்கூடத் தம் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே ஊட்டுகின்றன. அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றினால், நாக்கின் பின்பக்கம் உள்ள மூச்சுத் துளை வழியாக அது நுரையீரலுக்குள் போய்விடும். அடிபட்ட குஞ்சை மட்டும் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். பொந்திலிருந்து கிளிக்குஞ்சை எடுத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கொல்லைகளில் ஆட்காட்டிக் குஞ்சு மண்ணோடு ஒட்டி அசையாமல் கிடப்பதைப் பார்த்து, கைவிடப்பட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். பொரித்த சில மணி நேரத்திலேயே நடக்கவும் தானே இரை பொறுக்கவும் வல்ல அக்குஞ்சு, தலைக்கு மேலே பெற்றோர் எழுப்பும் எச்சரிக்கைக் குரலைக் கேட்டே அப்படிப் பதுங்குகிறது. உழும்போது கூழாங்கற்களுக்கு நடுவே அதன் நான்கு முட்டைகள் தென்பட்டால், அவற்றை இடம் மாற்றாமல், சுற்றிலும் இரண்டடி விட்டு உழுதாலே போதும். ஏறத்தாழ நான்கு வாரத்தில் அவை பொரித்துவிடும்.