ப்ருடென்ஷியல் பிளாசா: பழைய கோபுரம், புதிய கோபுரம் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி

சிகாகோவின் ராண்டால்ஃப் தெருவில் உள்ள ப்ருடென்ஷியல் பிளாசாவில் இரண்டு கோபுரங்கள். முதலாவது 1955-இல் முடிந்தது; 41 மாடி, வடிவமைத்தவர்கள் நேஸ் அண்ட் மர்ஃபி. இரண்டாவது 1990-இல் வந்தது. 64 மாடி, வடிவமைப்பு லோபல் ஷ்லாஸ்மன் அண்ட் ஹேக்கல். புதியதன் கூர்முனைதான் முதலில் கண்ணை இழுக்கும். அதற்கு இடம் கொடுக்காமல் பழையதில் தொடங்குங்கள். அதைப் புரிந்துகொண்டால்தான் புதியது ஏன் அப்படி நிற்கிறது என்பது பிடிபடும்.

ஆர்ட் இன்ஸ்டிட்யூட் அருங்காட்சியகத்திலிருந்து மில்லேனியம் பூங்காவுக்கு இறங்கும் நிக்கல்ஸ் நடைபாலத்தில் நின்று வடக்கே பாருங்கள். வெயில் சாய்வாக விழும் காலை நேரம் நல்லது. உச்சிவெயிலில் சுவரின் மேடுபள்ளம் தெரியாமல் எல்லாம் தட்டையாகிவிடும்.

பழைய கோபுரத்தை வரையும்போது பலரும் ஜன்னல்களில் தொடங்குகிறார்கள். படம் வெறும் கட்டம்போட்ட பெட்டியாகிவிடுகிறது. முதலில் கீழிருந்து மேல்வரை ஓடும் சுண்ணாம்புக்கல் பட்டைகளைப் போடுங்கள். ஜன்னலும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடும் அந்தப் பட்டைகளுக்கு இடையில் அடங்கியவை. கோபுரத்தை உயரமாகக் காட்டுவது இந்தச் செங்குத்துக் கோடுகள்தான். முழுக்கக் கண்ணாடி போர்த்திய கோபுரங்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தன. கல்லை விட்டுவிடாமல், பக்கத்தில் அலுமினியத்தையும் வைத்த இந்த நிதானம் எங்களுக்கு மிகவும் பிடித்தது.

அடுத்து அடிப்பாகம். இதைப் பார்க்காமல் போனால் பாதிக் கட்டடத்தைத் தவறவிட்டதாகும். பழைய கோபுரம் இல்லினாய்ஸ் சென்ட்ரல் ரயில்பாதைகளுக்கு மேலே எழுப்பப்பட்டது. கட்டிய ப்ருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனம் வாங்கியது பாதைக்கு மேலுள்ள வெளியின் உரிமையையும், அடித்தளத் தூண்கள் இறங்கும் சிறு நிலத்துண்டுகளையும்தான். தண்டவாளங்களுக்கு இடையே கிடைத்த இடத்தில்தான் தூண் இறங்க முடியும். மிஷிகன் அவென்யூ முனையில் மில்லேனியம் ரயில் நிலையத்துக்குப் படியிறங்கிப் போனால், தரை என்று நாம் நடந்தது உண்மையில் ஒரு மேல்தளம் என்பது உறைக்கும்.

உயரத்தைக் கண்ணால் ஒப்பிடாதீர்கள். புதியது பின்தள்ளி நிற்பதால், பூங்காவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் குறைந்தே தெரியும். பழையதன் கூரை 601 அடி, புதியதன் உச்சி 995 அடி. அதாவது ஏறத்தாழ ஐந்துக்கு மூன்று. சில பட்டியல்களில் பழையதற்கு 912 அடி என்றிருக்கும். அது ஆண்டெனாவையும் சேர்த்த கணக்கு. புதியதிலும் 80 அடி வெறும் கூர்முனை. கூரைக்குக் கூரை ஒப்பிட வேண்டுமென்றால் அதைக் கழித்துவிடுங்கள்.

இப்போது புதியதற்கு வாருங்கள். வடக்கு, தெற்கு முகங்கள் இரண்டிலும் அம்புத்தலை வடிவில் அடுக்கடுக்காக உள்வாங்கும். உச்சியில் உள்ள பிரமிடு 45 பாகை திருப்பி வைக்கப்பட்டது. வரையும்போது அந்தத் திருப்பத்தை விட்டுவிட்டால் தலை சாதாரணக் கூம்பாகிவிடும். பழையதன் தட்டையான கூரைக்கு நேர் எதிர் இந்தத் தலை. ஆனால் அதைப் பழையதன் மேல் ஏற்றாமல் தனியே தள்ளி நிறுத்தியது சரியான முடிவு. 1955-இன் உருவம் அதனால்தான் கெடாமல் தப்பியது.

இரண்டும் கீழ்த்தளங்களில் இணைகின்றன. அங்கே வரவேற்புக் கூடத்தின் மெருகை வைத்துக் காலத்தைக் கணிக்காதீர்கள். அது பின்னாளில் புதுப்பிக்கப்பட்டது. பொதுவாக, வெவ்வேறு காலத்தில் எழுந்த இரண்டு கட்டடங்கள் ஒரே அளவு அமிழ்வதில்லை, காற்றில் ஒரே மாதிரி அசைவதுமில்லை. அதனால் நடுவே இடைவெளி விட்டு, உலோகப் பட்டையாலோ நெகிழும் பூச்சாலோ மூடுவார்கள். இப்படிப்பட்ட கட்டடம் எதிலும் அந்தக் கோட்டைத் தேடுங்கள். தரையில் மட்டும் தெரிந்தால் அது வெறும் கல் பதித்த கோடாக இருக்கலாம். தரை, சுவர், கூரை என மூன்றிலும் நேராகத் தொடர்ந்தால், ஒன்று முடிந்து மற்றது தொடங்குவது அங்கேதான்.